தங்கச்சிக்காக நான் போட்ட டிக்

எங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளில் எழுத்து வேலை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். லீவு லெட்டர், ரேஷன் கார்டு, பி.எஃப். பாரம் எல்லாம். குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாரத்தை நீட்டுகிறவர்கள் கையெழுத்து எங்கே என்று மட்டும் கேட்பார்கள்; மற்றதை நானே நிரப்பிவிடுவேன். அதனால்தான் அன்றைக்கு அது எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை.

நான் பிளஸ் ஒன், தங்கச்சி பத்தாவது. மாணவர் மனநலம் பற்றி எல்லாருக்கும் ஒரு பாரம் கொடுத்து, வீட்டில் நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஆம், இல்லை என்று டிக் போட வேண்டும். என்னுடையதை யோசித்து யோசித்துப் போட்டேன். பரீட்சையை நினைத்தால் படபடப்பு வருமா? ஆம்.

தங்கச்சி இடுப்பில் தண்ணிக் குடத்தோடு வாசலில் நின்றாள்.

"அண்ணே, என்னுதையும் நீயே போட்டுரு. உனக்குத்தான் பாரம்னா உசுராச்சே."

"ஒழுங்கா வந்து உட்காரு பிள்ளே."

"உட்கார்ந்தா சோறு யாரு ஆக்குறது, நீயா?"

போட்டேன். நன்றாகத் தூங்குகிறாயா? ஆம். நான் கண்விழிக்கும்போதெல்லாம் அவள் அடுப்படியில் இருப்பாள். அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. மேலே படிப்பாய் என்ற நம்பிக்கை உண்டா? ஆம். மனதில் உள்ளதைச் சொல்ல வீட்டில் யாராவது உண்டா? இதற்கு யோசிக்கவே இல்லை. நான்தான் இருக்கிறேனே.

அடுத்த வாரம் ஆலோசனை டீச்சர் பாரங்களைப் பார்த்துச் சிலரைக் கூப்பிட்டார். அதில் நான் ஒருவன். "ஏன் தம்பி, தோத்துட்டா என்ன ஆயிரும்?" என்று அவர் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. பிறகு காலேஜுக்கு விண்ணப்பம் வாங்கித் தந்ததும் அவர்தான். தங்கச்சியைக் கூப்பிடவில்லை. பாரத்தின்படி அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

பத்தாவது முடிந்ததும் அம்மா அவளைத் திருப்பூர்ப் பக்கம் மில்லுக்கு அனுப்பினாள். பஸ்ஸில் அவள் பையை ஏற்றிவிட்டது நான்தான். போக இஷ்டமா என்று கேட்கவில்லை.

இப்போது நான் குன்னூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியார். வருஷா வருஷம் அதே மாதிரிப் பாரங்கள் வருகின்றன. பையன்கள் பயம், கோபம் என்று கலந்துகட்டிப் போடுகிறார்கள். பெண்பிள்ளைகளின் தாள்களில் பாதிக்குமேல் ஒரு குறையும் இல்லை. ஜன்னலில் மேகம் அப்பிக்கொண்டிருக்கும். அந்தக் கட்டு மேஜையில் இருக்கும்வரை எனக்குப் பின்னால் யாரோ குடத்தோடு நிற்பது மாதிரியே இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன்.

போன பொங்கலுக்குத் தங்கச்சி மில்லிலிருந்து லீவில் வந்தபோது, அன்றைக்கு நான் போட்ட டிக் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிரித்தாள்.

"சரி, இப்பக் கேளு. நானே சொல்றேன்."

கேட்டேன். தூக்கத்துக்கு, "தூக்கம் எங்கண்ணே வந்துச்சு," என்றாள். படிப்புக்கு, "டீச்சராகணும்னு இருந்துச்சு," என்றாள், திருத்துவதற்காக நான் கொண்டுவந்திருந்த நோட்டுகளைப் பார்த்தபடி. பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டேன். மனதில் உள்ளதைச் சொல்ல வீட்டில் யாராவது உண்டா?

"சோறு பொங்கிருச்சு போல," என்று எழுந்து உள்ளே போனாள்.

அடுப்பை இன்னும் பற்றவைக்கவே இல்லை.