கிளிநொச்சி ஒழுங்கையில் நான் பிடித்துக்கொடுத்த கள்ளன்

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாப் பேருந்தில் புறப்பட்டேன். பளையில் தேநீருக்கு நிறுத்தினார்கள். ஆனையிறவில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஏறத்தாழ அறுபத்தைந்து கிலோமீற்றர் கடந்து, எட்டு மணியளவில் கிளிநொச்சியில் இறங்கினேன்.

அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் என் மகள் மாலினி, மாற்றலாகி வந்து இங்கே வாடகை வீடொன்றில் தனியாக இருக்கிறாள். மணமாகாதவள். வாள்வெட்டு, வீடுடைப்பு, போதைத்தூள் என்று பத்திரிகைகள் எழுதும் ஊரில் அவள் இருக்கலாமா என்பதை நேரிற் பார்த்துத் தீர்மானிப்பதே என் பயணத்தின் நோக்கம். பிள்ளைகளை வன்னிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் பலர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டதுண்டு. இக்கட்டுரை அவர்களுக்கானது.

ஓட்டோவுக்கு முந்நூறு ரூபாய். போகும் வழியில் சாரதியிடம், "தம்பி, இஞ்சை கள்ளர் தொல்லை இருக்கோ?" என்று வினவினேன்.

"ஏன் ஐயா, யாழ்ப்பாணத்துக் கள்ளரெல்லாம் பென்சன் எடுத்திட்டினமோ?" என்றான். அவ்விகடத்தை நான் இரசிக்கவில்லை.

மாலினியின் வீடு நகருக்குப் பின்புறம், செம்மண் ஒழுங்கையொன்றில் உள்ளது. முற்றத்தைச் சுற்றி வந்தபோது, பக்கத்து வளவுடனான கிடுகு வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழையத்தக்க இடைவெளியைக் கண்டேன். பொட்டு என்போமே, அதுதான். எங்கள் ஒழுங்கையில் பொட்டுக்களை மதில்கள் விழுங்கி நெடுங்காலமாகிறது. அன்றே தகரம் வாங்கி அடைக்கச் சொன்னேன்.

"அடைக்கேலாது அப்பா," என்றாள் மாலினி. "இஞ்சை பகற் கள்ளர் வந்தாப் பிறகு, வேலைக்குப் போற ஆக்களின்ரை வீடுகளைப் பின்னேரத்திலை அயற்சனம் வந்து பாக்கினம். கதவு யன்னலைத் தள்ளிப் பாத்திட்டுப் போவினம். எங்கடை வீட்டைப் பிலோமினா அக்கா பாப்பா. அவா வாறது அந்தப் பொட்டாலைதான்."

பொட்டு, அயற்பெண்கள் வந்துபோகும் வழி. பெண்ணொருத்தி வருவதாயின் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை பின்னேரம் நாலரை. மாலினி கந்தோரால் திரும்பவில்லை. நான் உள்ளே படுத்திருந்தேன். குசினி யன்னலை எவரோ தள்ளும் ஓசை கேட்டுப் பின்பக்கம் போனேன். மேலில் சட்டையின்றிச் சாரத்துடன் ஓர் ஆண் நின்றார். நாற்பது வயது மதிக்கலாம்.

"ஆரடாப்பா நீர்?"

"பக்கத்து வீடு ஐயா. அருளப்பு. மனுசிக்குக் காய்ச்சல், அதுதான் நான் வந்தனான். ஐயா நித்திரையாக்கும் எண்டு கூப்பிடேல்லை."

"எந்த ஊர்? ஆற்றை மகன்?"

"முல்லைத்தீவுக் கரை ஐயா. அப்பர் கடற்றொழில்."

நான் கேட்ட யாவற்றிற்கும் அம்மனிதர் விடை தந்துவிட்டார். யன்னற் கொளுக்கி தளர்ந்திருப்பதையும் எனக்குக் காட்டினார். அவ்வேளை படலையில் ஸ்கூட்டியொன்று வந்து நின்றது. மாலினியின் கந்தோரில் வேலை செய்யும், எங்கள் ஊர்ப் பெண்ணொருத்தி. அவளுடைய தாயார் எங்கள் கோயிலுக்கு வருபவர். அவள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாமா, மாலினி வீட்டுக்குள்ளை ஆம்பிளைக் குரல் கேக்குது? ஆர், பொட்டாலை வாற ஆளோ?"

அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். அச்சிரிப்பு ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எங்கள் கோயில் வீதியை அடைந்துவிடும் என்று எனக்குத் தோன்றிற்று.

"கள்ளன்," என்றேன்.

அவள் உடனே பொலிசுக்கு அழைத்தாள். அருளப்பு ஓடவில்லை. "ஐயா, சொல்லுங்கோவன்," என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார். பொலிசார் வந்ததும், முன்பின் அறியாத ஆள் யன்னலைத் திறக்க முயன்றதாக, இலக்கணப் பிழையின்றி எடுத்துரைத்தேன். ஒழுங்கை முழுவதும் படலைகளில் நின்றது. காய்ச்சலில் நடுங்கியபடி பிலோமினா வந்து, ஜீப்பினுள் இருந்த கணவனிடம் சட்டையை நீட்டினார். என்னை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

செய்தி கேட்டு மாலினி நேரே பொலிஸ் நிலையம் சென்று, விளக்கிச் சொல்லி, இருட்டுவதற்கு முன் அருளப்புவை அழைத்துவந்தாள். சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

வியாழன் காலை வேட்டி சால்வையுடன், முன்படலை வழியாக அருளப்புவின் வீட்டுக்குச் சென்றேன். கதிரை போட்டார்கள். தேநீர் தந்தார்கள். "நேற்று நடந்தது தவறு," என்று தொடங்கினேன். மேலே வார்த்தை வரவில்லை. நாற்பதாண்டு மேடையேறிப் பேசியவன் நான்.

அருளப்பு என் தடுமாற்றத்தைப் பொறுக்காமல் தாமே முடித்துவைத்தார். "பரவாயில்லை ஐயா. ஆளைத் தெரியாத இடம்தானே. உங்களுக்குத் தெரியாமல் நடந்தது."

"ஓம், தெரியாமல்தான்," என்றேன். தேநீரையும் குடித்தேன்.

அன்று பின்னேரம் விறாந்தையிலிருந்து பார்த்தேன். அன்று வீடுகளைப் பார்க்கும் முறை வந்த அயலவர் இருவர் ஒழுங்கையில் வந்தார்கள். எதிர்வீட்டுக் கதவைத் தள்ளினார்கள். மூலைவீட்டைச் சுற்றி வந்தார்கள். மாலினியின் படலையைத் தாண்டும்போது ஒருவர் எனக்குத் தலையசைத்தார். உள்ளே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை என் பையை மாலினி வாசலில் கொண்டுவந்து வைத்தாள். அவளையும் அழைத்துச்செல்ல வந்தவன் நான்.

"நான் இஞ்சைதான் இருப்பன். நீங்கள் போனாப் பிறகுதான் நான் அவையிட்டைப் போய்க் கேக்கலாம் அப்பா, திரும்ப எங்கடை வீட்டையும் பாருங்கோ எண்டு."

ஒரு தந்தை தன் மகளிடம் சொல்லக் கூசும் வார்த்தையை அப்போதுதான் சொன்னேன். "பிள்ளை, அருளப்புவிட்டைச் சொல்லு. அவர் ஆரெண்டு தெரிஞ்சுகொண்டுதான் அப்பா அப்பிடிச் சொன்னவர் எண்டு."

மாலினி பையின் வாயை இழுத்து மூடினாள்.

"அது அவருக்குத் தெரியும்தானே அப்பா. ஊர், பேர், தேப்பன்ரை தொழில் எல்லாம் உங்களிட்டைச் சொன்னது அவர்தானே."

பேருந்தில் யன்னலோர ஆசனம் கிடைத்தது. பரந்தன் கடந்தும் நான் வெளியே பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் என் வீட்டுக்கு ஏழடி மதில் உண்டு; வாசலில் கமரா உண்டு; நான் இல்லாத நான்கு நாளும் எவரும் என் யன்னலைத் தள்ளிப் பார்த்திருக்கமாட்டார்கள். கிளிநொச்சியில் பெண்பிள்ளை தனியே இருக்கலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு என் விடை இது: இருக்கலாம். நீங்கள் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.