துடக்கு நாளில் ஊசி

எனக்கு ஊசி போடப் பழக்கிய கொழும்புத் தாதி என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். கையில் ஒரு தோடம்பழத்தைத் தந்து, தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சால் குத்தச் சொன்னாள். பன்னிரண்டு தடவை குத்தினேன். இவ்வளவுதான் விஷயம், இனிப் பயமில்லாமல் ஊருக்குப் போகலாம் என்றாள். நானும் நம்பிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பெண்ணாகப் பிறந்து, இருபத்தெட்டாவது வயதில் ஆணாக வாழத் தொடங்கியவன் நான். மாதத்துக்கு ஒருமுறை டெஸ்டோஸ்டிரோன் ஊசி. முதல் இரண்டையும் கொழும்பிலேயே போட்டார்கள். அதற்குள் அப்பா போய்விட்டார். கொடிகாமத்து வீட்டில் அம்மா தனித்துப்போனதால் நான் அவரோடு இருக்க வேண்டியதாயிற்று. என் வேலை கணினியில்தான், எங்கிருந்தும் செய்யலாம். ஊசி அப்படியில்லை. ஊரில் யாரிடமாவது போட்டால், பொழுதுபடுவதற்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிடும். நானே போடவேண்டும், அதுவும் அம்மாவுக்குத் தெரியாமல். அவருக்கு நான் இன்னும் மகள். தெரிந்தால் அவரை இழந்துவிடுவேன் என்று பயந்தேன். அப்பாவுக்குப் பிறகு எனக்கென்று இருந்தது அவர் ஒருவர்தான்.

எங்கள் வீட்டில் கதவைப் பூட்டும் பழக்கம் யாருக்கும் இல்லை. அம்மா தட்டாமல் வருவார். வந்த பிறகு எதற்கு வந்தேன் என்று யோசிப்பார். மாதத்தில் மூன்று நாள் மட்டும் வரமாட்டார். எனக்குத் துடக்கு. இந்தக் காலத்தில் மாதவிலக்குக்கு யார் துடக்குப் பார்க்கிறார்கள் என்று கேட்காதீர்கள், என் அம்மா பார்ப்பார். அந்த நாட்களில் சாமியறைக்கும் சமைக்கிற குசினிக்கும் போகக்கூடாது. பின்னால் உள்ள சின்ன அறையில் தனிப் பாய், தனித் தலையணை. சாப்பாட்டுத் தட்டை வாசலில் நிலத்தில் வைத்துவிட்டுப் போவார்; கைபடத் தரமாட்டார். பன்னிரண்டு வயதிலிருந்து நான் வெறுத்த அறை அது. கடைசியில், ஊசி போட அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் தடவை ஒரு மணித்தியாலம் எடுத்தது. மருந்து எண்ணெய்போலத் தடிப்பானது. போத்தலை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி, பெரிய ஊசியால் இழுத்து, சின்ன ஊசியை மாற்றி, காற்றை வெளியே விட்டு, தொடையின் வெளிப்புறத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். அதுவரை நல்ல மாணவன். மூன்று எண்ணிக் குத்துவதென்று தீர்மானித்து, எத்தனையோ தடவை மூன்று எண்ணினேன். ஒருவழியாகக் குத்தியதும் கை தன்பாட்டில் ஊசியை வெளியே இழுத்துவிட்டது. மருந்து ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. இரத்தம் மட்டும் முழங்கால்வரை இறங்கியது. புது ஊசி மாற்றி மறுபடி குத்தி, அழுதுகொண்டே மெல்ல மெல்லத் தள்ளினேன். நோவுக்காக அழவில்லை. போட்டுவிட்டேன் என்று யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது, சொல்ல ஆள் இல்லை.

மறுநாள் நொண்டினேன். அம்மா அதை நாரி நோ என்று எடுத்துக்கொண்டார். பொம்பிளைப் பிள்ளைக்கு இடுப்புப் பலமாக இருக்கவேண்டும் என்று சொல்லி, நல்லெண்ணெய் ஊற்றி உளுத்தங்களி கிண்டி வாசலில் வைத்தார். வெட்கத்தோடுதான் சாப்பிட்டேன், ஆனால் மிச்சம் வைக்கவில்லை. அடுத்த மாதம் ஊசியை மாற்ற மறந்து, பெரியதாலேயே குத்திவிட்டு, ஒரு கிழமை அந்தப் பக்கம் புரண்டு படுக்க முடியாமல் கிடந்தேன். அதற்கும் உளுத்தங்களி வந்தது.

ஊருக்கு வந்த நாலாம் மாதம் துடக்கு நின்றுவிட்டது. வருடக்கணக்காக நான் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். கொண்டாட முடியவில்லை. துடக்கு இல்லையென்றால் அறை இல்லை, அறை இல்லையென்றால் ஊசி இல்லை. ஆகவே வராததை வந்ததென்று சொல்லி, மாதாமாதம் மூன்று நாள் பாயில் கிடந்து நடித்தேன். பொய் ஊசியைவிடச் சுலபமாகக் கைவந்தது. குரல் உடைந்தபோது சளித் தடிமன் என்றேன். அம்மா கொத்தமல்லி அவித்துத் தந்தார். மாதக்கணக்கில் நீண்ட அந்தத் தடிமனுக்கு மாதக்கணக்கில் அவித்தார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இதற்கிடையில் ஒரே குத்தில் போடவும் பழகிவிட்டேன். கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்பா போய் ஒரு வருடமாகி, ஆட்டைத் திவசம் வந்தது. கொள்ளி வைத்தவர் பெரியப்பாவின் மகன். ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பெறாமகன்தானே செய்யவேண்டும் என்றார்கள். திவசமும் அந்த அண்ணைதான் செய்வதாக இருந்தது. அதில் நான் வாய் திறக்கவில்லை. ஒரு மூலையில் நின்று அப்பாவின் படத்துக்கு ஒரு பூ வைத்தால் எனக்குப் போதும். விடிய எழும்பித் தலை தோய்ந்துவிட்டு வெளிக்கிட்டு வந்தேன். அறை வாசலில் அம்மா நின்றார்.

"பிள்ளை, உனக்கு இண்டைக்குத் துடக்கெண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். உள்ளுக்கை இரு."

இன்றைக்கு எனக்கு ஒன்றும் இல்லை என்றேன்.

"எட்டு மாதமா உனக்கு ஒண்டும் இல்லை. குப்பை எரிக்கிறது நான்தானே. நீ ஊசி போடுறதும் தெரியும். என்னத்துக்கெண்டு நான் கேக்கேல்லை, நீயும் சொல்லாதை. உந்தக் குரலை அவையள் கேக்கக்கூடாது."

அவர் கத்தவில்லை. அவருடைய பார்வை என் மேலுதட்டில் அரும்பியிருந்த மயிரில் ஒரு கணம் நின்று விலகியது. எனக்குக் கடுங்கோபம் வந்தது. ஆனால் பொய் என்னுடையது. அவர் அதை எடுத்து எனக்குமுன்னால் கதவாகச் சாத்திவிட்டார். திரும்பிப்போய்ப் பாயில் இருந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஐயர் அப்பாவின் பெயரைச் சொல்லச் சொன்னார். அண்ணை சொன்னார். எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொன்னார். அண்ணை இறைத்தார். ஒரு ஆம்பிளைப் பிள்ளை இருந்திருந்தால் என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள். நான் தலையணை நுனியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன், அழுகைக்கும் இப்போது ஆண்குரல். கொஞ்ச நேரத்தில் மாமி கதவடிக்கு வந்து சுகமோ என்று கேட்டார். சின்ன வயதில் என்னைத் தூக்கித் திரிந்த மாமி. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்ல முடியவில்லை. அம்மா விரைந்து வந்து, அவள் நித்திரை என்று சொல்லிக் கூட்டிப்போனார்.

பின்னேரம் எல்லாரும் போனார்கள். படலை சாத்தும் சத்தம் கேட்டது. இனி யாருக்காகவும் நடிக்கத் தேவையில்லை. அம்மா உள்ளே வருவார், பாயில் இருப்பார், பேசுவார், அழுவார், ஏதாவது செய்வார் என்று கதவை அகலத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். படைத்த சோற்றைத் தட்டில் எடுத்துக்கொண்டு வந்தார். அப்பாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் இருந்தது. நான் எழும்பி இரண்டு கையையும் நீட்டினேன். எனக்குத் துடக்கில்லை என்று இந்த ஊரில் அறிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் குனிந்து தட்டை வாசலில் நிலத்தில் வைத்துவிட்டு, கை கழுவக் கிணற்றடிக்குப் போனார்.