எண்பது வாட் மிஷினுக்கு நானூற்றைம்பது வாட்

நான் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஒரே மாதத்தில் இரண்டாம் முறையாகக் கடைக்குத் திரும்பி வந்தது. தூக்கிக்கொண்டு வந்த செல்வி அதை டேபிளில் வைத்துவிட்டு, உட்காராமலே பேசினார்.

"யக்கா, கரண்ட் போனா எங்க வீட்ல ஃபேன் நிக்கல, டிவி நிக்கல. ஒங்க பொட்டி மட்டும் செத்து செத்துப் பொழைக்கு. ரெண்டு தடவ கஸ்டமர் பாதியிலயே போயிட்டாங்க. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேலை கெடையாதுன்னு சொல்லிட்டாங்க."

செல்வி திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு ஆவடியில் ஃபேக்டரி வேலை, குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. பதினைந்து வருடம் வீட்டைப் பார்த்துக்கொண்டவருக்கு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்கு டைப் செய்து பதில் சொல்ல வேண்டும். முதல் மாதம் ட்ரையல். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் உள்ள ஷெல்ஃபில் அடங்க வேண்டும் என்றுதான் சின்ன கேபினட் கேட்டிருந்தார்.

நான் அம்பத்தூரில் ஒரு கடையில் அசெம்ப்ளி வேலை செய்கிறேன். படிப்பு பத்தாவது. அதற்கு முன் இங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ஃபேக்டரியின் ஒயரிங் செக்‌ஷனில் பத்து வருடம். கடையில் பேசுவது ஓனர் பிரபு, ஸ்க்ரூ முடுக்குவது நான். கஸ்டமர் வந்தால் நான் பின்பக்கம் போய்விடுவேன். அந்த ஏற்பாடு எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

எஸ்எம்பிஎஸ் என்பது சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி, கம்ப்யூட்டர் தாங்கும் அளவுக்கு மாற்றித் தரும் பெட்டி. செல்வியின் மிஷினுக்கு ப்ராசஸர், போர்டு, எஸ்எஸ்டி எல்லாம் கூட்டிப் பார்த்தேன். எவ்வளவு வேலை செய்தாலும் எண்பது வாட்டைத் தாண்டாது. சின்ன கேபினட்டுக்கென்றே வரும் ஒல்லியான இருநூறு வாட் எஸ்எம்பிஎஸ் போட்டேன். பாதிக்கு மேல் மிச்சம். சரியாகக் கணக்குப் போட்டுவிட்டேன் என்று கொஞ்சம் பெருமைகூட.

முதல் முறை திரும்பி வந்தபோது இரண்டு நாள் கடையில் ஓடவிட்டேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன். அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

இரண்டாம் முறை பிரபு சிரித்தான். "இன்னாக்கா, நீ கட்ன பொட்டிய பேய் கீய் புட்ச்சிகிச்சா?" பிறகு செல்வியிடம், "தனியா ஒரு சின்ன யூபிஎஸ் வெச்சிக்கமா, பிரச்சனை முட்ஞ்சிது" என்றான்.

"இதுக்கு மேல இன்னொரு பொட்டியா? குவார்ட்டர்ஸ்ல நாங்க நிக்கதுக்கே எடம் இல்ல" என்றார் செல்வி.

எனக்கு ஃபேன் விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. மெதுவாகக் கேட்டேன். "ஃபேன் நிக்கலன்னா, வீட்ல இன்வெர்ட்டர் இருக்காம்மா?"

"இருக்குக்கா, பழசு. கரண்ட் போனா ஃபேன் ஒரு நிமிசம் முக்கிட்டுதான் ஓடும்."

"ஒவ்வொரு தடவையும் பொட்டி நிக்குதா?"

அவர் யோசித்தார். "இல்லையே! சும்மா கெடக்கும்போது போனா நிக்காது. நாலஞ்சு பேருக்கு ஒரே நேரத்துல பதில் போடுவேன் பாருங்க, அப்பதான் பாத்து நிக்கும்."

அந்தப் பதிலில் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. கரண்ட் போய் இன்வெர்ட்டர் கையில் எடுப்பதற்குள் கண் சிமிட்டும் நேரத்துக்கும் குறைவான ஓர் இடைவெளி இருக்கிறது. ஃபேன் அதைச் சுற்றிய வேகத்தில் கடந்துவிடும். கம்ப்யூட்டர் எதை வைத்துக் கடக்கும்?

பழுதாகி மூலையில் கிடந்த எஸ்எம்பிஎஸ்களை எடுத்துப் பிரித்தேன். ஒல்லியானதில், கரண்டைச் சேர்த்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டர் என்று இருந்ததே என் சுண்டுவிரல் அளவுதான். எஸ்எஃப்எக்ஸ் என்ற கொஞ்சம் தடித்த ரகத்தில், நானூற்றைம்பது வாட் ஒன்றில் அது டார்ச் லைட் பேட்டரி மாதிரி தடியாக இருந்தது. மொட்டை மாடி டேங்க் போலத்தான் இதுவும். லைனில் தண்ணீர் நின்றாலும் டேங்கில் இருப்பது கொஞ்ச நேரம் வரும். ஒரு குழாய் திறந்திருந்தால் அதிக நேரம், நாலு குழாய் திறந்திருந்தால் சீக்கிரம் காலி. கடையில் நான் சும்மா ஓடவிட்டு டெஸ்ட் செய்தேன். அதுவும் கடையின் நல்ல யூபிஎஸ்ஸில்.

ஸ்டாக்கிலிருந்து அதே மாதிரி எஸ்எஃப்எக்ஸ் ஒன்றைக் கேட்டேன்.

"எண்பது வாட் மிஷினுக்கு நானூத்தம்பதா? ஆட்டோக்கு லாரி இன்ஜினா மாட்டுவ?" என்றான் பிரபு.

"வாட்டுக்காக இல்ல பிரபு. உள்ள இருக்கற டேங்குக்காக. மிஷின் இழுக்கறது அதே எண்பதுதான்."

கஸ்டமர் முன்னால் அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. பிரபு என்னைப் பார்த்தான், ஸ்டாக் ரூம் சாவியைத் தள்ளினான்.

புது எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இரண்டு விரல் உயரமான கேபினட் வேண்டியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு முதல் முறையாக ஒரு கஸ்டமர் வீட்டுக்குப் போனேன். ஷெல்ஃபில் இடம் பண்ண, செல்வியின் கணவர் கபடியில் வாங்கிய கோப்பை ஃப்ரிட்ஜ் மேல் ஏறியது.

"வேலை பாக்கற மாதிரியே எல்லாத்தையும் திறந்து வெச்சி டைப் பண்ணுங்கம்மா" என்று சொல்லிவிட்டு மெயின் ஸ்விட்சை இறக்கினேன். ஃபேன் முக்கியது. செல்வி சூடான தோசைக்கல்லைத் தொட்டதுபோல் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். ஸ்கிரீன் அப்படியே இருந்தது. ஏற்றினேன், இறக்கினேன், பத்துத் தடவை. ஏழாவது தடவை அவர் கையை எடுக்கவே இல்லை.

ட்ரையல் முடிய இரண்டு நாள் இருக்கும்போது போன் வந்தது. "யக்கா, இங்க கரண்ட் போயிட்டு. சொல்லணும்னு தோணுச்சு. அஞ்சு பேரு லைன்ல இருக்காங்க, வச்சிருதேன்." நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வாட் பார்த்து மட்டும் எஸ்எம்பிஎஸ் வாங்காதீர்கள். பெரிய வாட் போட்டதெல்லாம் பெரிய டேங்க் என்றும் நினைக்காதீர்கள். கரண்ட் நின்ற பிறகு எத்தனை மில்லி செகண்ட் தாங்கும் என்று கம்பெனி தரும் விவரத் தாளில் இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். ஆனால் அந்த வீட்டில் ஃபேன் முக்கும் என்பது எந்தத் தாளிலும் இருக்காது. எங்கள் ஆர்டர் ஷீட்டில் வாட் என்ற வரிக்குக் கீழே பேனாவால் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன்: "கரண்ட் போனால் உங்கள் வீட்டில் என்னவெல்லாம் ஓடும்?" அதைப் பிரபு கேட்பதில்லை. பின்பக்கத்திலிருந்து வந்து நானே கேட்கிறேன்.