தட்டினதே கிடையாது

பள்ளி வேன் ஓட்டுபவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் வேன் மாமா. ஆள் நல்லவர், வாய்தான் கொஞ்சம் நீளம். கணக்குப் பரீட்சை என்று ஏதாவது ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சினால் போதும், கியரை மாற்றிக்கொண்டே ஆரம்பித்துவிடுவார்.

"எங்க பாப்பா உயரம் தாண்டுவாளே, கம்பைத் தட்டினதே கிடையாது! எப்படி? விடாம பழகுறா. நீங்களும் விடாதீங்க."

விடாமல் பழகுவது நிஜம். தட்டினதே கிடையாது என்பது சுத்தப் புளுகு. மகள் பழகும்போதெல்லாம் கம்பு சடசடவென விழும். மெத்தையில் மல்லாந்து கிடந்து தன்னையே திட்டிக்கொள்வாள். அதையும் சொன்னால் கதையில் கெத்து குறைந்துவிடுமாம். என்னத்தைச் சொல்ல!

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் உயரம் தாண்டும் போட்டி அந்தப் பிள்ளைகளின் பள்ளி மைதானத்திலேயே நடந்தது. வேன் கூட்டம் மொத்தமும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

கம்பைத் தாழ்வாக வைத்துத் தொடங்கினார்கள். மற்ற பெண்கள் தாண்டினார்கள். மகள் எழுந்திருக்கவில்லை. கம்பு ஏறியது, அப்போதும் வேண்டாம் என்று கையசைத்தாள். எந்த உயரத்தில் தொடங்குவது என்பது தாண்டுகிறவர் இஷ்டம். ஆனால் தொடர்ந்து மூன்று முறை தட்டினால் வெளியே. கீழ் உயரம் எதையாவது தாண்டி வைத்திருந்தால் கணக்கில் அதுவாவது நிற்கும். இவளுக்கு ஒன்றுமே இல்லை. எப்போதும் முதல் உயரத்திலேயே இறங்குகிறவளுக்கு இன்று என்ன கிறுக்கு?

கம்பு நெற்றி உயரத்துக்கு வந்த பிறகுதான் எழுந்தாள். ஓடினாள், எழும்பினாள், குதிகால் பட்டது. கம்பு விழுந்தது. இரண்டாவது முறையும் விழுந்தது.

"மாமா, தட்டினதே கிடையாதுன்னீங்களே?" என்றாள், வாலு என்று எல்லோரும் கூப்பிடும் இரண்டாம் வகுப்புக்காரி.

"சும்மா இரும்மா." மாமா கம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மூன்றாவது முறை முதுகு தாண்டியது, இடுப்பும் தாண்டியது. குதிகால் லேசாக உரசியது. கம்பு ஆடியது, ஆடியது, நின்றுவிடும் போலிருந்தது, விழுந்துவிட்டது. நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். அணி போச்சு.

போட்டி முடிந்து கூட்டம் கலைந்ததும் மகளிடம் ஓடினார். பிள்ளைகளும் பின்னாலேயே ஓடின. அவள் ஷூவைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணின? கீழேயே தாண்டியிருக்கலாமே?"

"காலையில இந்தப் பிள்ளைங்க என்கிட்ட வந்து, 'அக்கா, நீங்க தட்டவே மாட்டீங்களாமே'ன்னு கேட்டதுங்கப்பா. சின்ன உயரத்துல தட்டித் தொலைச்சா நீங்க அதுங்க முகத்துல எப்படி முழிப்பீங்க? அதான் பெரிய உயரத்துக்குக் காத்திருந்தேன்." இன்னொரு ஷூவையும் உள்ளே தள்ளினாள். "போதும்ப்பா. இனிமே எனக்கு இது வேண்டாம்."

செவிட்டில் அறைந்தது போலிருந்தது அவருக்கு. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விடாதே விடாதே என்று ஓதிய வாய், பெற்ற மகளை விட வைத்துவிட்டதே! பூசி மெழுக மனம் வரவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"மாமா சொன்னது பொய். அக்கா தட்டாத நாளே கிடையாது. தட்டுவா, திட்டிக்குவா, எழுந்து அவளே கம்பை எடுத்து வைப்பா. அதைத்தான் நான் சொல்லியிருக்கணும்."

மகள் தலைநிமிராமல் பையின் ஜிப்பை இழுத்தாள்.

வாலு மட்டும் முன்னால் வந்தாள். "அக்கா, கடைசி வாட்டி நான் பயத்துல கண்ணை மூடிட்டேன். இன்னொரு வாட்டி தட்டிக் காட்டுங்களேன்."

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும். மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜிப்பைத் திறந்து ஷூவைத் தேடினாள். மெத்தையை இன்னும் எடுத்துப் போகவில்லை. வேன் மாமா தரையில் கிடந்த கம்பை எடுக்கக் குனிந்தார். கண்ணை நீர் மறைத்ததில் அது முதலில் கைக்கு அகப்படவில்லை.