அப்பாவின் ரத்தம் சொன்னது

எங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரத்தில்தான் அப்பா விழுந்தார். கச்சிராயபாளையம் சாலையில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்த கூட்டத்தில் அவரும் இருந்தார். போலீஸ் வேனைப் பார்த்ததும் எல்லோரும் ஓட, அப்பாவுக்கு மட்டும் வலது கால் வரவில்லை. கையிலிருந்த கோடரி நழுவியது. நடிக்கிறார் என்று நினைத்து, விழுந்து கிடந்தவரை லத்தியால் அடித்தார்கள். வாய் கோணியிருந்ததைப் பார்த்த பிறகே விட்டார்கள்.

சாலையை அவர் வெட்டிய மரங்களே அடைத்துக் கிடந்தன. அம்மா அவரை மாட்டுவண்டியில் போட்டு, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்தாள். அங்கே ஒரு சிறிய மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்வதுதான் என் வேலை. சட்டையெல்லாம் ரத்தமாகக் கிடந்தவரை யாரோ என்று நினைத்துக் குனிந்தேன். அப்பா.

"தண்ணி குடுத்தேன், உள்ள எறங்கல. எல்லாம் வழிஞ்சிடுச்சி" என்றாள் அம்மா.

ஸ்கேன் அப்போது எங்கள் ஊரில் கிடையாது. முதுகில் ஊசி குத்தி எடுத்த நீர் ரத்தம் கலக்காமல் தெளிவாக இருந்ததால், மூளையில் ரத்தம் கசியவில்லை, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கும் என்றார் டாக்டர். அப்பாவின் இடது கையில் நானே ரத்தம் எடுத்தேன். வெளியே பஸ் எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒரு கல் மேசையில் விழுந்தது. சில்லுகளைத் தள்ளிவிட்டு மைக்ரோஸ்கோப்பில் குனிந்தேன். வெள்ளணுக்கள் அதிகம். சர்க்கரை நோயே இல்லாதவருக்குச் சர்க்கரையும் அதிகம். ஈ.எஸ்.ஆர். குழாயில் சிவப்பணுக்கள் வேகமாக இறங்கியிருந்தன; அந்த எண்ணும் அதிகம் என்று அர்த்தம்.

டாக்டர் மூன்றையும் பார்த்தார். "இப்டி எல்லாமே ஜாஸ்தியா இருந்தா மூளையில சேதம் பெருசா இருக்கலாம்மா. லத்தியடியும் இதையெல்லாம் ஏத்தியிருக்கும். ஆனா வலது கை திரும்புறது கஷ்டம்னு தோணுது."

"உறுதியாவா சார்?"

"ரத்தத்த மட்டும் வெச்சி உறுதியா சொல்ல முடியாது. மறுபடி எடுத்துப் பாப்போம்."

பக்கத்துக் கட்டிலில் ஒரு கூலிக்காரர் மண்டை உடைந்து கிடந்தார். சேரியில் இருந்த அவர் குடிசையை மறியல் கூட்டத்தினர் எரித்திருந்தார்கள். மறுநாள் மதியம் தடிகளோடு சிலர் வார்டுக்குள் வந்தார்கள். அப்பாவோடு மரம் வெட்டியவர்கள்.

"நீ கம்முனு படுத்துக்க பெரிப்பா. எங்களுக்கு அவன்தான் வேணும்."

கூலிக்காரரின் மனைவி அவர்மேல் கவிழ்ந்து படுத்தாள். தடி அவள் முதுகில் இறங்கியது. அப்பா இடது கையால் குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடித்து வீசினார். பாட்டில் உடைந்து ஒருவன் நெற்றி கிழிந்தது. அப்பாவுக்கு வார்த்தை வரவில்லை. அறுபடும் மாடு போல ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"மூளை கெட்டுப்போச்சிடா அவருக்கு" என்றபடி பின்வாங்கினார்கள்.

"இன்னாத்துக்குங்க இப்டி பண்ணீங்க? உங்களையும் அடிப்பாங்களே" என்று அந்தப் பெண் அழுதாள்.

"அவரால பேச முடியாதும்மா" என்றாள் அம்மா. "நீ முதுக காட்டு."

அடுத்த வாரம் எடுத்த ரத்தத்தில் வெள்ளணுக்களும் சர்க்கரையும் இறங்கியிருந்தன. ஈ.எஸ்.ஆர். எண் மட்டும் குறையவில்லை. மெல்ல மெல்லக் கால் வந்தது, பேச்சு பாதி வந்தது. கை வரவில்லை. வீட்டில் அவர் முரடரானார். சோற்றுத் தட்டை அம்மாமேல் எறிவார். பிறகு அவள் தலையிலிருந்து பருக்கைகளைப் பொறுக்குவார்.

ஒருநாள் ரத்தம் எடுக்கும்போது திக்கித் திக்கிக் கேட்டார். "இன்னா... சொல்லுது?"

"எல்லாம் கொறஞ்சிக்கினு வருதுப்பா."

"கை?"

"வராதுப்பா" என்றேன்.

இடது கையால் சுவரைக் குத்தினார், விரல் முட்டித் தோல் கிழியும்வரை. நான் தடுக்கவில்லை. முடிந்ததும் கையை என் மடியில் வைத்துக் கட்டுப் போட்டேன்.