தொகுதி மறுவரையறையும் மகளின் கட்டைவிரலும்

மனைவி காலமான பிறகு பன்னிரண்டு மணிக்கு முன்னால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. கரமனை அக்ரகாரத்தில் பத்து மணிக்குள் எல்லா வீட்டிலும் விளக்கை அணைத்துவிடுவார்கள். நான் மட்டும் போனில் அரசியல் கட்டுரைகளை மேய்ந்துகொண்டிருப்பேன். மாநிலங்களின் வரிப்பங்கு, தொகுதி மறுவரையறை, ஆளுநரின் அதிகாரம் என்று தமிழில் நல்லதாக எது கண்ணில் பட்டாலும் பெங்களூரில் வேலை பார்க்கும் மகளுக்கு அனுப்பிவிடுவேன். கூடவே, பொறுமையாகப் படி என்று வாத்தியார்த்தனமாக ஒரு வரி.

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும், அவ்வளவுதான். அதற்கு நானே உரை எழுதிக்கொண்டேன். உடனே வந்தால் அவளுக்கும் அதே கருத்து. தாமதமாக வந்தால் உடன்பாடில்லை, யோசிக்கிறாள். மறுவரையறை விஷயத்தில் மகளும் என் கட்சிதான் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு. நான் படிப்பதைக் கூடவே படிக்க ஒரு ஆள் இருக்கிறது என்ற தெம்பில்தான் இரண்டு வருஷ இரவுகளைக் கழித்தேன்.

ஓணம் லீவுக்கு வந்தவளிடம், முந்தின வாரம் அனுப்பிய கட்டுரையின் முடிவு சரிதானா என்று சாப்பிடும்போது கேட்டேன். விழித்தாள்.

"நேக்குத் தமிழ் வாசிக்க அறியாதேப்பா. நீங்கதானே மலையாளம் மீடியத்துல சேத்தேள்?"

தூக்கிவாரிப் போட்டது. சேர்த்தது நான்தான். இந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகளின் கதையும் இதுதான். வீட்டில் ஓயாமல் தமிழில் வாயாடுகிறவளுக்கு எழுத்து தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவள் நோட்டுப் புத்தகங்களைப் பார்த்ததெல்லாம் அவள் அம்மா. பின்னே கட்டைவிரல் எதற்கு என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"ராத்திரி ஒங்க மெசேஜ் வந்தா, அப்பாவுக்கு ஒண்ணும் இல்லேன்னு ஒரு சமாதானம். அப்புறம்தான் தூங்குவேன், கேட்டேளா."

குழம்பை விட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன்.

அவள் பெங்களூருக்குத் திரும்பிய அன்று ராத்திரி ஒரு கட்டுரை அகப்பட்டது. அருமையான கட்டுரை. மறுவரையறை விஷயத்தில் நான் இத்தனை நாள் பிடித்த பிடி தவறு என்று எழுதியவர் நிரூபித்தே விட்டார். உடனே யாரிடமாவது அதைச் சொல்லியாக வேண்டும் போலிருந்தது. அவளுக்கு அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் கட்டைவிரல் வந்தது. அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். நான் அந்தக் கட்டுரையை மறுபடி முதலிலிருந்து படித்தேன், தனியாக.