பின்சீட்டுப் பிலோமினா

பிலோமினா இறந்துவிட்டாள் என்ற செய்தி எனக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்தது. இங்கே மலேசியாவில், பண்டமாரானில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இரண்டு தெருதான். ஆனாலும் முதலில் தெரிந்தது சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகள் ஜெனிக்கு. "அம்மா, பிலோ ஆன்டி போயிட்டாங்கமா. காலையில பாத்ரூம்ல விழுந்தவங்க எழுந்திருக்கவே இல்ல," என்றாள். உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "பின்சீட்டு குரூப்ல போட்டாங்க." அப்படி ஒரு வாட்ஸ்அப் குழு இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அழுகைக்கு முன்னால் பொறாமைதான் வந்தது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஜூலை மாதம் வந்தால் எங்கள் மாதா கோயில் மக்கள் பேருந்து பிடித்து புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போவது வழக்கம். முன்சீட்டில் மைக்கோடு நான். ஜெபமாலை, பாட்டு, விவிலிய வினாவிடை எல்லாம் என் பொறுப்பு. பின்சீட்டில் பிலோ. சுங்கை வேயில் தொழிற்சாலை வேலை, கல்யாணம் ஆகவில்லை, பிள்ளைகுட்டி கிடையாது. அவள் மடியில் இருக்கும் துணிப்பையில் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய வீடியோ கேம்கள் நாலைந்து கிடக்கும். கைக்குள் அடங்குகிற சாமான்கள். ஒன்றில் கட்டை விழும், ஒன்றில் பாம்பு ஓடும், ஒன்றில் கார் பந்தயம். பேருந்து கிள்ளானைத் தாண்டுவதற்குள் பிள்ளைகள் எல்லாரும் பின்னால் போய்விடுவார்கள். முதல் ஆள் என் ஜெனி.

கேமைக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் பின்னால் வரும், இதில் என்ன பெரிய சாமர்த்தியம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. நெடுஞ்சாலையில் அடுத்த ஊரின் பெயர்ப்பலகை வரும்வரைதான் ஒரு பிள்ளைக்கு ஆட்டம். பலகையை முதலில் பார்த்துப் பெயர் சொல்கிற பிள்ளை கையில் கேம் மாறும். அதனால் காத்திருக்கும் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வருவார்கள். ரவாங், தஞ்சோங் மாலிம், சுங்காய், பீடோர், தாப்பா என்று வழி முழுவதும் அவர்களுக்கு மனப்பாடம். வெளியே பாருங்கள், மலை எவ்வளவு அழகு என்று நான் மைக்கில் தொண்டை கிழியச் சொன்னாலும் ஒரு தலை திரும்பியதில்லை.

ஜெபமாலை தொடங்கிய பிறகும் பின்னாலிருந்து பீப் பீப் என்று சத்தம் வரும். ஒருமுறை நான் திட்டுவதற்கு எழுந்தேன். அதற்குள் அவள் குரல் கேட்டது. "எல்லாரும் சத்தத்த அடைங்க. மாதாகிட்ட பேசுறப்ப கேம் பேசக்கூடாது." அன்று பிள்ளைகள் அருள் நிறைந்த மரியே சொன்னதில் பேருந்தே அதிர்ந்தது. ரீத்தா பிள்ளைகளை நன்றாகப் பழக்கியிருக்கிறாள் என்று பங்குத்தந்தை என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டு தொண்டையில் மீன் முள்ளாய்ச் சிக்கிக்கொண்டது.

ஜெனிக்குப் பத்து வயதில், விடக்கூடாது என்று நானும் ஒரு கேம் வாங்கினேன். கலர் திரை, புத்தம் புதுசு. இனி மகள் என் பக்கத்தில்தான் உட்காருவாள் என்று கணக்குப் போட்டேன். ரவாங் வருவதற்குள் அவள் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி, "ஆன்டி, இதையும் நம்ம பைல போடுங்க," என்று கொடுத்துவிட்டாள். ஆடுகிற பேருந்தில் கம்பியைப் பிடித்துப் பிடித்து பிலோ முன்னால் வந்தாள். "ரீத்தா, புதுசு போல இருக்குலா. நீயே வெச்சுக்க," என்று நீட்டினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரவாயில்லை, பிள்ளைகள் விளையாடட்டும் என்று சொன்னேன். வயிறு எரிந்தது.

பிறகு கைப்பேசிக் காலம் வந்தது. இனி அவள் பை செல்லாது என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். அவளோ பிள்ளைகளின் கைப்பேசிகளையும் அதே பைக்குள் வாங்கிப் போட்டுக்கொண்டு பழைய கேமை எடுத்துக் கொடுத்தாள். "போன்ல தனியா விளையாடுவீங்க. இதுல ஒருத்தர் விளையாடினா நாலு பேரு எட்டிப் பார்ப்பீங்க," என்பாள். போன ஜூலையில்கூட அப்படித்தான் நடந்தது.

அடக்கத்துக்கு ஜெனி பேருந்து பிடித்து ஓடி வந்தாள். என் அறுபதாவது பிறந்தநாளுக்கு லீவு கிடைக்காதவள். பெட்டியைச் சுற்றி அந்தப் பின்சீட்டுக் கூட்டமே நின்றது. லோரி ஓட்டுகிறவன், தாதியாக இருப்பவள், கைக்குழந்தையோடு வந்தவள், எல்லாரும் தேம்பினார்கள். என் மகள் அழுததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து தேநீர் கொடுக்கும்போது கேட்டே விட்டேன், நான் செத்தாலும் இப்படி அழுவாயா என்று.

"என்னம்மா கேள்வி இது? உனக்கு நான் இருக்கேன்லா. ஆன்டிக்கு யாரு இருக்கா? நாங்கதானே அழணும்."

தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே மறுபடி பேசினாள். "இந்தத் தடவ திருவிழாவுக்கு வரேன்மா. பின்சீட்டுக்கு ஆள் வேணும்ல."

எத்தனையோ ஜூலைகள் நான் கூப்பிட்டு வராத மகள் பிலோவுக்காக வருகிறாள். வரட்டும். என் வீட்டில்தான் தூங்குவாள், என் கையால்தான் சாப்பிடுவாள். பேருந்தில் ஏறியதும் என்னைத் தாண்டிப் பின்னால் போய்விடுவாள், அதுவும் தெரியும். நான் முன்னால் உட்கார்ந்து வயிறெரிவேன். பிலோ எனக்கென்று விட்டுப்போனது இந்தப் பொறாமை ஒன்றுதான். இதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.